ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம்: சந்தாலி கற்க எங்களுக்கு உதவிய ஆறு கட்டப் பயிற்சி பற்றிய மதிப்புரை

ஜார்க்கண்ட் மாநிலத்தின் தும்கா மாவட்டத்தில் நானும் என் கணவரும் சந்தால் பழங்குடி மக்கள் நடுவே குடியிருந்து, அவர்களுடைய மொழியை அவர்களிடமே கற்றுக்கொள்ள உதவிய ஒரு பயிற்சியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். மிஷனெரிப் பணித்தளத்திற்குப் புறப்பட ஆயத்தமாகும் தமிழ்க் குடும்பங்கள் சில, இந்தப் பயிற்சிக்குப் பணமும் காலமும் செலவிடலாமா என்று எங்களிடம் கேட்டிருக்கின்றன. அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னவற்றைச் சேர்த்து, நிறைகளையும் குறைகளையும் மறைக்காமல் பதிவு செய்வதே என் நோக்கம். பயிற்சியை நடத்திய அமைப்பின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஏனெனில் நான் இங்கே சொல்லும் குறைகளில் சில அந்த அமைப்பின் பயிற்றுநர் ஒருவரைப் பற்றியவை, ஒருவரை வைத்து முழு அமைப்பையும் எடைபோடுவது முறையாகாது.

பயிற்சியின் அடிப்படை கிரெக் தாம்சன், ஏஞ்சலா தாம்சன் என்னும் தம்பதியர் உருவாக்கிய 'வளரும் பங்கேற்பாளர்' அணுகுமுறை. கற்பவரை அவர்கள் மாணவர் என்று அழைப்பதில்லை; ஒரு சமூகத்தின் வாழ்வில் மெல்ல மெல்லப் பங்கேற்று வளர்பவர் என்கிறார்கள். கற்றுக்கொடுப்பவரையும் ஆசிரியர் என்று சொல்வதில்லை, வளர்ப்பவர் என்கிறார்கள். இந்தச் சொற்களை முதலில் கேட்டபோது வெறும் பெயர் மாற்றம் என்றே நினைத்தேன். ஆனால் எங்களை வளர்த்த அம்மையார் தம் வாழ்நாளில் பள்ளிக்கூடம் போனதில்லை. அவரை ஆசிரியர் என்று சொல்லி முன்னே உட்கார வைத்திருந்தால் கூச்சத்தால் வாயே திறந்திருக்க மாட்டார். பேரப்பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்கியது போல எங்களுக்கும் பழக்குங்கள் என்று கேட்டபோது, அது தமக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான் என்று உடனே ஒப்புக்கொண்டார். அவரை நாங்கள் 'ஆயோ' என்றே அழைக்கிறோம். சந்தாலியில் தாய்க்கு அதுவே சொல். நம் ஊர்ப்பக்கத்து 'ஆயி' என்ற சொல் காதில் இருந்ததால் அதை மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்கவில்லை.

முறையின் கணக்கு வெளிப்படையானது. முதற்கட்டமாகிய 'இங்கே, இப்போது' என்பதற்கு 100 மணி நேரம். படங்களைக் கொண்டு கதை கட்டும் இரண்டாம் கட்டத்திற்கு 150. இரு தரப்பாரும் அறிந்த கதைகளைச் சொல்லும் மூன்றாம் கட்டத்திற்கு 250. வாழ்க்கையை ஆழமாகப் பகிர்ந்துகொள்ளும் நான்காம் கட்டத்திற்கு 500. அம்மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இயல்பான பேச்சைப் புரிந்துகொள்ளும் ஐந்தாம் கட்டத்திற்கு மீண்டும் 500. கூட்டினால் 1,500 மணி நேரம். அதற்குப் பிறகு வரும் ஆறாம் கட்டத்திற்குக் கணக்கு இல்லை, அது வாழ்நாள் முழுவதும் தானாகத் தொடர வேண்டியது. வாரத்திற்கு 15 மணி நேரம் உட்கார்ந்தால் 100 வாரங்கள், அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். பயிற்சியில் சேருமுன் இந்தக் கூட்டலை ஒரு தாளில் எழுதி, காணிக்கையால் உங்களைத் தாங்கும் சபையின் கையில் கொடுத்துவிடுங்கள். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதல் 30 மணி நேரம் கற்பவர் பேசவே கூடாது என்பது இந்த முறையின் முக்கியமான விதி. ஆயோவின் முற்றத்தில் பாய் விரித்து, அதன்மேல் செம்பு, அரிசி, சால் மர இலைத் தட்டு, கத்தி, கல், விறகு என்று வீட்டிலுள்ள பொருள்களையே பரப்பிவைப்போம். அவர் ஒரு பெயரைச் சொல்வார், நாங்கள் சுட்டிக்காட்டுவோம். அடுத்து, எழுந்திரு, உட்கார், எடு, கொடு, கதவருகே போ என்பார், நாங்கள் செய்வோம். தவறாகச் செய்தால் மீண்டும் சொல்வார். ஒவ்வொரு அமர்வையும் அவருடைய அனுமதியோடு கைப்பேசியில் பதிவுசெய்து, இரவில் இரண்டு மூன்று முறை கேட்போம். பிரசங்கிக்கவும் போதிக்கவும் அனுப்பப்பட்டவர்களுக்கு வாய்மூடி இருப்பது எளிதாக இல்லை. ஆனால் அந்த நாட்களில்தான் காது பழகியது. அதைவிட, அந்த வீட்டில் யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், மருமகள் எங்கே உட்காருகிறாள், விருந்தினர் வந்தால் முதலில் என்ன நடக்கிறது என்பவற்றைக் கவனிக்க நேரம் கிடைத்தது. சந்தால் வீட்டிற்கு யார் வந்தாலும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பதே வரவேற்பு. குனிந்து, இரு கைகளாலும் அதைக் கொடுக்கும் விதத்தில் எத்தனை மரியாதை இருக்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் கற்றிருக்க முடியாது.

ஒலிகளைப் பொறுத்தவரை, தமிழர்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை தேவை. அதை எங்கள் பயிற்றுநர் சொல்லவில்லை. சந்தாலியில் சொல்லின் இறுதியில் வரும் வல்லொலிகள் சில, வாயிலிருந்து வெளிவராமல் தொண்டையிலேயே அடைக்கப்பட்டுவிடும். தண்ணீருக்கு 'தாக்' என்பார்கள்; அந்தக் ககர மெய் பாதி விழுங்கப்பட்டதாகவே கேட்கும். சோற்றுக்கு 'தாகா'. நாமோ வல்லின மெய்யில் ஒரு சொல்லை முடித்துப் பழக்கமில்லாதவர்கள், நம்மை அறியாமலே ஓர் உகரத்தை ஒட்டிவிடுவோம். நான் 'தாக்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பேசத் தொடங்கிய புதிதில், பக்கத்து ஊரில் ஒரு வீட்டிற்குப் போனபோது, குடிக்கத் தண்ணீர் கேட்பதாக நினைத்து அந்தச் சொல்லைச் சொன்னேன். வீட்டுக்காரப் பெண் ஒரு கணம் தயங்கி, உள்ளே போய், சால் இலையில் சோறு கொண்டுவந்து வைத்தார். அது நாற்று நடுவதற்கு முந்தைய காலம். போன ஆண்டு நெல் பல வீடுகளில் தீர்ந்துவிடும் மாதம். அவர் பானையில் எவ்வளவு மீதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை, சொல்லும் அளவுக்கு மொழியும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன். அன்று இரவு ஆயோவின் பதிவைக் கேட்டு அந்த ஒரு மெய்யெழுத்தை நூறு முறையாவது சொல்லிப் பார்த்திருப்பேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஒலிகளை முதல் வாரத்திலேயே எடுத்துக்காட்ட வேண்டும் என்று அமைப்புக்கு எழுதியிருக்கிறேன்.

இலக்கணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பது இந்த முறையின் மற்றொரு பிடிவாதம். பெரும்பாலும் அது சரியே. ஆனால் தமிழர்களுக்கு ஒரே ஒரு பக்கக் குறிப்புக் கொடுத்திருந்தால் பல மணி நேரம் மிச்சமாகியிருக்கும். சந்தாலி முண்டா மொழிகளுள் ஒன்று, திராவிட மொழி அன்று. ஆயினும் 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு நம்மிடம் இருப்பது போலவே அங்கும் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'ஆபோ', சேர்க்காமல் சொன்னால் 'ஆலே'. இந்தியை மட்டும் அறிந்தவர்கள் இதைப் பிடிக்கத் திணறுகிறார்கள், நமக்கோ இது தாய்ப்பாலோடு வந்தது. 'எங்கள் பிதாவே' என்று ஜெபிக்கும் நாம் ஒருபோதும் 'நம் பிதாவே' என்று தேவனிடம் சொல்வதில்லை அல்லவா? அந்த நுட்பம் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. இதற்குமேல் அங்கே இருமை எண்ணும் உண்டு. நாங்கள் இருவர் என்பதற்கும், நீயும் நானும் என்பதற்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. கணவனும் மனைவியுமாகப் போகிறவர்களுக்கு 'அலிஞ்' என்ற சொல் நாள்தோறும் தேவைப்படும். பெயர்ச்சொற்களை உயிருள்ளவை, உயிரற்றவை என்று பிரிப்பதையும் நம் உயர்திணை, அஃறிணையோடு ஒப்பிட்டால் விரைவில் விளங்கும்; ஆனால் கோடு வேறிடத்தில் விழுகிறது. நாம் அஃறிணை என்னும் ஆடுமாடுகள் அங்கே உயிருள்ளவற்றில் சேர்கின்றன. சூரியனும் சந்திரனும்கூட உயிருள்ளவையே.

இரண்டாம் கட்டத்திற்குக் கொடுக்கப்பட்ட படங்களே இந்தப் பயிற்சியின் மிகப்பெரிய குறை. சொற்களில்லாத படக்கதைகளைப் பார்த்து, படத்தில் நடப்பதை வளர்ப்பவர் சொல்ல, நாம் கேட்டுத் திரும்பச் சொல்ல வேண்டும். அமைப்பு கொடுத்த புத்தகங்களில் இருந்தவையோ ஐரோப்பிய வீடுகள், குளிர்சாதனப் பெட்டி வைத்த சமையலறைகள், பனி பெய்யும் தெருக்கள். ஆயோ படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன பெட்டி என்று எங்களைக் கேட்டார். அவரிடமிருந்து நாங்கள் கற்கவேண்டிய நேரத்தில், நாங்கள் அவருக்கு இன்னொரு நாட்டைக் கற்பிக்க வேண்டியதாயிற்று. ஒரு வாரம் முயன்று பார்த்து அந்தப் புத்தகங்களை மூடிவைத்தோம். பதிலாக, அனுமதி பெற்று ஊரிலேயே படம் எடுத்தோம்: பங்குனி, சித்திரையில் இலுப்பைப் பூ பொறுக்குவது, சால் இலைகளை ஈர்க்கால் தைத்துத் தட்டாக்குவது, மண்சுவர் மெழுகிக் கோலமிடுவது, வாரச்சந்தைக்குக் கோழியைக் கூடையில் கொண்டுபோவது. அவற்றை அச்சிட்டுப் பாயில் பரப்பியபோது அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்த, ஒரே செயலுக்கு நான்கு சொற்கள் கிடைத்தன. மொழி மிக வேகமாக ஏறியது அந்த மாதங்களில்தான். அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்று அந்தப் படங்களின் தொகுப்பை அமைப்பிடமே கொடுத்திருக்கிறோம்.

மூன்றாம் கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஊழியத்திற்காக மொழி கற்கிறவர்கள் தவறிவிடக்கூடிய இடம் இதுதான். இரு தரப்பாருக்கும் தெரிந்த கதைகளைப் பயன்படுத்துங்கள் என்று இங்கே சொல்லப்படுகிறது. பயிற்சி முகாமில் உடனிருந்த சிலர், வேதாகமக் கதைகளை இந்த நேரத்தில் சொல்லத் தொடங்கிவிடலாம் என்று மகிழ்ச்சியோடு திட்டமிட்டார்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. நமக்கு மொழி பழக்குவதற்காக நாம் கூலி கொடுத்து உட்கார வைத்திருக்கும் ஒரு பெண்மணி எழுந்துபோக முடியாத நிலையில் இருக்கும்போது அவருக்கு நற்செய்தி சொல்வது, அவருடைய நேரத்தையும் நம்பிக்கையையும் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்பது எங்கள் மனச்சாட்சி. ஆகையால் முதலில் அவர்களுடைய கதைகளையே கேட்டோம். ஹாஸ், ஹாசில் என்னும் இரு பறவைகளிலிருந்து முதல் மனிதராகிய பில்சு ஹாடாமும் பில்சு பூடியும் தோன்றிய கதையை ஆயோவும் அவருடைய அண்ணனும் மாறிமாறிச் சொன்னார்கள். பல வாரங்கள் கழித்து, உங்கள் புத்தகத்தில் உலகம் எப்படித் தொடங்கியது என்று அந்த முதியவர் தாமே கேட்டார். அன்று மாலை, பதிவுக்கருவி இல்லாமல், கூலிக் கணக்கு இல்லாமல், அவர் வீட்டுத் திண்ணையில் என் கணவர் அதைச் சொன்னார். அவர் பேசிய சந்தாலியில் பிழைகள் நிறைய இருந்தன. முதியவர் ஒவ்வொன்றையும் பொறுமையாகத் திருத்தினார், கதையையும் கேட்டார்.

யார் நாம், எதற்காக வந்திருக்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். ஊருக்குள் குடிபோகுமுன், ஊர்த்தலைவரான மாஞ்ஜியிடம் சென்று, நாங்கள் கிறிஸ்தவர்கள், இங்கே தங்கி மொழி கற்க விரும்புகிறோம், பேச்சைப் பதிவுசெய்ய அனுமதி வேண்டும், எங்கள் விசுவாசத்தை யார்மீதும் திணிக்க மாட்டோம் என்று மறைக்காமல் சொன்னோம். அந்த மக்களுக்கு வெளியாரைக் குறிக்க 'திகு' என்றொரு சொல் உண்டு. வட்டிக்காரரும் நிலம் பறித்தவரும் காகிதத்தோடு வந்து ஏமாற்றியவரும் சேர்ந்து அந்தச் சொல்லுக்குக் கசப்பை ஏற்றியிருக்கிறார்கள். 1855ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று போக்நாடீ கிராமத்தில் சிதோ, கான்ஹு சகோதரர்கள் தலைமையில் எழுந்த ஹூல் கிளர்ச்சியின் நினைவு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. குறிப்பேடும் கருவியுமாக வந்து உட்காரும் நாமும் முதலில் திகுவே. நட்பு என்ற பெயரில் உள்நோக்கத்தை மறைத்தால், அந்தப் பழைய ஏமாற்றத்தில் நம் பங்கையும் சேர்த்தவர்களாவோம். மதமாற்றம் குறித்து ஜார்க்கண்டில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் நடைமுறையில் இருக்கிறது. பயிற்சி முகாமில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாதது பெருங்குறை என்றே கருதுகிறேன். சட்டத்திற்கு அஞ்சி நேர்மையாக இருக்க வேண்டும் என்பதல்ல என் பேச்சு. வேற்று ஊருக்கு வருகிறவர் அந்த ஊரின் சட்டத்தைத் தெரிந்துகொண்டு வருவது குறைந்தபட்சக் கடமை.

கூலியைப் பற்றியும் முகாமில் தெளிவில்லை. வளர்ப்பவரை நண்பராக எண்ணுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்ன எங்கள் பயிற்றுநர், நண்பருக்கு எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டார். வயலில் நடவு செய்தால் ஒரு நாளுக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல், மணிக்கணக்கில் பிரித்து, வாரக் கடைசியில் தவறாமல் கொடுப்பதென்று நாங்களே முடிவுசெய்தோம். கூலி ஒழுங்காக இருந்ததால்தான் நட்பு நட்பாகவே இருக்க முடிந்தது. ஆயோ எங்களுக்கு அவரைக்காய் கொடுத்தது, காய்ச்சலில் நான் படுத்திருந்தபோது வந்து உட்கார்ந்தது, இவையெல்லாம் கூலிக்கு வெளியே நடந்தவை என்பதில் இரு தரப்பாருக்கும் குழப்பம் இல்லை.

மாதம் ஒருமுறை தொலைபேசியில் பயிற்றுநரோடு பேசி முன்னேற்றத்தைப் பார்ப்பதும் இந்தச் சேவையில் அடங்கும். முதல் நான்கு மாதங்கள் அது மிகவும் பயன்பட்டது. எந்தப் பயிற்சி சலிப்பூட்டுகிறது, எதை மாற்றலாம் என்று அவர் சரியாகவே வழிகாட்டினார். பிறகு உரையாடல் முழுவதும் மணிக்கணக்காகச் சுருங்கியது. நாற்று நடும் ஆடி மாதத்தில் ஊரே வயலில் இருக்கும்போது, இந்த மாதம் பதிவேட்டில் மணி நேரம் குறைந்துவிட்டதே என்று கேட்டார். நாங்கள் வயலில் இறங்கிச் சேற்றில் நின்று நட்டுக்கொண்டிருந்தோம். பாயில் கற்றதைவிட அங்கே அதிகம் கேட்டோம், அதிகம் பேசினோம். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பங்கேற்று வளர்வதே கொள்கை என்று சொல்லும் முறைக்கு, நடவுக்குப் போவதைக் காட்டிலும் பெரிய பங்கேற்பு என்ன இருக்க முடியும்?

எழுத்தைப் பற்றிய வழிகாட்டல் இந்தச் சேவையில் இல்லை என்றே சொல்லலாம். பேச்சு முதலில், எழுத்து பின்னர் என்பது நல்ல வரிசைதான். ஆனால் சந்தாலி போன்ற மொழிக்கு எந்த எழுத்து என்பது எளிய கேள்வியன்று. மிஷனெரிகள் வகுத்த ரோமன் எழுத்து சபைகளில் பயன்படுகிறது. தேவநாகரி, வங்காளம், ஒடியா எழுத்துகளிலும் எழுதுகிறார்கள். 1925ஆம் ஆண்டில் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஓல் சிக்கி எழுத்தை இளைஞர்கள் பெருமையோடு கற்கிறார்கள். 2003ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்ற, 2011 கணக்கெடுப்பின்படி 73 லட்சத்திற்கும் மேற்பட்டோர் பேசும் மொழி இது. இரண்டாம் கட்டம் முடிந்ததும் ஒரு கல்லூரி மாணவியிடம் ஓல் சிக்கியின் 30 எழுத்துகளையும் கற்றேன். சந்தையில் ஒரு பெயர்ப்பலகையை நான் வாய்விட்டுப் படித்தபோது கடைக்காரரின் முகம் மாறியதைப் பார்த்தவர்கள், எழுத்தைத் தள்ளிப்போடச் சொல்ல மாட்டார்கள்.

மற்ற வழிகளோடு ஒப்பிடச் சொல்கிறார்கள். பிரூஸ்டர் தம்பதியர் 1976இல் வெளியிட்ட கையேட்டின் வழியில், ஒரு நாளைக்கு ஒரு சிறிய பேச்சை மட்டும் கற்று அதை ஊரில் பலரிடமும் போய்ச் சொல்லிப் பழகுகிற முறையும் நல்லதே. கூச்சமில்லாதவர்களுக்கு அது விரைவில் ஊரை அறிமுகப்படுத்தும். என் கணவர் அந்த வகை. முதற்கட்டம் முடிந்ததும் அவர் இதையும் கலந்துகொண்டார். எனக்கு ஆயோவின் முற்றமே போதுமானதாக இருந்தது. இந்தி வகுப்பில் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சந்தையிலும் அலுவலகத்திலும் இந்தி உதவுகிறது. ஆனால் அடுப்படியிலும் நோய்ப்படுக்கையிலும் சாவு வீட்டிலும் பேசப்படுவது சந்தாலி. நாங்கள் போன ஊர்களில் வயதான பெண்கள் பலர் இந்தி பேசுவதில்லை. அவர்களை மொழிபெயர்ப்பாளர் வழியாக மட்டுமே அறிந்த ஊழியர், அவர்களை அறிந்தவர் ஆகமாட்டார்.

நம்முடைய மண்ணிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம்மிடத்திற்கு அழைத்து, சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1903இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பியபோது தமிழர்கள் தெலுங்கு கற்றார்கள். சந்தால் நாட்டிலோ, 1867இல் வந்த நார்வே மிஷனெரி ஸ்க்ரெஃப்ஸ்ருட், கோலேயான் என்ற முதிய குரு சொல்லச் சொல்ல அம்மக்களின் மரபுகளை எழுதிவைத்தார். அது 1887இல் நூலாக வந்தது. அவருக்குப் பின் வந்த நார்வே மிஷனெரி போடிங் தொகுத்த ஐந்து தொகுதிச் சந்தாலி அகராதி 1929 முதல் 1936 வரை வெளியாயிற்று, இன்றைக்கும் எங்கள் மேசைமேல் அதைத் திறக்காத நாள் குறைவு. போடிங்குக்காக எண்ணற்ற கதைகளைத் திரட்டி எழுதிக்கொடுத்தவர் சாக்ராம் முர்மு. அகராதியின் பெயரைச் சொல்லும் நாம் அவர் பெயரையும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மொழிபெயர்ப்பாளராக உடனிருந்த அழகப்பன் இல்லாமல் சீகன்பால்குவின் தமிழ் இல்லை, சாக்ராம் இல்லாமல் போடிங்கின் கதைத்தொகுப்பு இல்லை.

இனி, தாங்கும் சபைகளைப் பற்றி முன்னர் சொல்வதாகச் சொன்னது. பயிற்சியின் ஏழாம் மாதத்தில், எங்களைத் தாங்கும் குழுக்களில் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. இதுவரை எத்தனை ஆத்துமாக்கள், எத்தனை கூட்டங்கள் என்ற கட்டங்களை நிரப்பி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். காணிக்கை கொடுக்கும் ஏழை விசுவாசிகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடிதம் வந்த நாளில், இலுப்பைப் பூ பொறுக்கும் ஒரு பெண் சொல்வதை முதன்முறையாகக் கேள்வி கேட்காமலே முழுவதும் புரிந்துகொண்டிருந்தேன். அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. அவசரப்பட்டவர்கள் முதற்கட்டம் முடிந்தவுடனே இந்தியில் கூட்டம் நடத்தத் தொடங்கி, பிறகு சந்தாலிக்குத் திரும்பாமலே போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் 1,500 மணி நேரக் கணக்கை முன்கூட்டியே சபையின் கையில் கொடுங்கள் என்றேன். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மொழி கற்பதே உங்கள் ஊழியம் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளும் சபை இருந்தால் இந்தப் பயிற்சியில் தயங்காமல் சேருங்கள். அப்படி ஒப்புக்கொள்ளாவிட்டால், பயிற்சிக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் அந்தச் சபையோடு இன்னும் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

நாங்கள் இப்போது நான்காம் கட்டத்தின் நடுவில் இருக்கிறோம். ஆயோ தம் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொழுந்து பறிக்க அசாம் தேயிலைத் தோட்டத்திற்குப் போன தம் பெரியப்பாவைப் பற்றி மட்டும் மூன்று வாரங்களாகப் பேசுகிறார். இலங்கை மலையகத்திற்குப் போன எங்கள் உறவினர்களைப் பற்றி நானும் சொன்னேன். அன்றைக்கு அமர்வு ஒரு மணி நேரத்தில் முடியவில்லை.

தும்கா அடங்கிய சந்தால் பர்கானா பகுதிக்கு வருகிறவர்கள் பயிற்சியைத் தொடங்க ஏற்ற காலம், ஜனவரி நடுவில் சோஹ்ராய் பண்டிகை முடிந்த பிறகு. அறுவடை முடிந்து வீட்டில் நெல் இருக்கும், ஊரார் முற்றத்தில் உட்கார நேரம் இருக்கும். வாரத்திற்குப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், நடவு தொடங்குமுன் முதல் இரண்டு கட்டங்களையும் முடித்துவிடலாம். படக்கதைப் புத்தகங்களை வாங்க வேண்டாம். நல்ல ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி, மின்சாரம் அடிக்கடி நிற்பதால் ஒரு சேமிப்பு மின்கலம், தாராளமாக ஒரு பாய் ஆகியவை போதும். மழை வந்ததும் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு வயலுக்குப் போங்கள். பயிற்றுநருக்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.